கடல் கடந்த வேலையும் முதலாளி பெறவேண்டிய உத்தரவும்

வெளிநாட்டில் வேலை அமைந்திருக்கிறதென்று ஒரு குடும்பத்துக்குச் செய்தி வந்தவுடன், அக்குடும்பத்தார் முதலில் செய்வது யாதெனில் பணம் தேடுவதேயாகும். நகை அடகுக்குப் போகிறது. காணி ஒத்திக்குப் போகிறது. அண்டை அயலார் ஜாமீன் நிற்கின்றனர். இவ்வளவு தொகையும் எதன் பொருட்டு என்று வினவினால், "விசா வாங்குவதற்கு" என்று விடை வரும். இவ்விடையிலேயே பெரியதொரு தவறு அடங்கியிருக்கிறது. வேலைக்குரிய விசா என்பது சந்தையில் விலைக்கு விற்கும் சரக்கன்று. அந்நிய தேசத்து முதலாளி ஒருவர் தம் சர்க்காரிடம் தாமே மனுச்செய்து, தாமே கட்டணம் செலுத்தி, தாமே பொறுப்பேற்றுப் பெறுகின்ற உத்தரவின் பயனாகவே அது கிடைக்கிறது. உத்தரவு யாருடையதோ, அதற்குரிய செலவும் அவருடையதே. இவ்வொரு விஷயத்தை நம் சங்கங்களின் அங்கத்தினர் தெளிவாக அறிந்திருப்பின், பல குடும்பங்களின் நிலமும் நகையும் காப்பாற்றப்படும். ஆகவே, அவ்வுத்தரவு எவ்வாறு பெறப்படுகிறது என்பதை ஈண்டு விவரிப்போம்.

முற்கால வழக்கம்

கடல் கடந்து கூலி வேலைக்குச் செல்வது நம் ஜில்லாக்களுக்குப் புதியதன்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் லட்சக்கணக்கான தமிழர் சென்றனர். அவர்களைத் திரட்டியவர் கங்காணிமார். தோட்ட முதலாளி கங்காணியிடம் முன்பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அம்முன்பணமும், வழிச்செலவும், பிறவும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். இலங்கையில் இக்கடனைக் குறித்துக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்புவோரின் கடனைப் புதிய முதலாளி அடைக்கவேண்டும். அது மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். தொழிலாளி உழைத்த காலம் கழிந்ததேயன்றிக் கடன் கழியவில்லை. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

மலேயாவில் 1907ஆம் ஆண்டிலேயே வேறொரு வழி காணப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் யாவரும் ஒரு பொது நிதிக்குப் பணம் செலுத்தவேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஆள்களை வருவிக்கும் செலவு அந்நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. பின்னர், 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், லைசென்சு பெற்ற கங்காணியைத் தவிரப் பிறர் ஆள் திரட்டலாகாது என்று தடுத்தது. ஆயினும் தோட்டங்களின் நிலைமை திருப்திகரமாக இல்லாமையால், உதவித்தொகை பெற்று மலேயாவுக்குச் செல்வது 1938ஆம் ஆண்டிலும், கூலி வேலைக்காக இலங்கைக்குச் செல்வது 1939ஆம் ஆண்டிலும் இந்திய சர்க்காரால் நிறுத்தப்பட்டன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. ஆள் திரட்டும் செலவு முதலாளியின் பேரில் இருந்த இடத்தில் தொழிலாளி ஓரளவு சுதந்தரமாக இருந்தான். அச்செலவு அவன் பேரில் ஏறிய இடத்தில் கடனுக்கு அடிமையானான். இக்காலத்துச் சட்டங்களும் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டவையே.

முதல் வாயில்: முதலாளியின் தேசத்து சர்க்கார்

வெளிநாட்டு முதலாளி கடக்கவேண்டிய வாயில்கள் இரண்டு. முதலாவது அவருடைய தேசத்து சர்க்கார். இரண்டாவது இந்திய சர்க்கார். முதல் வாயிலுக்கு, நம்மவர் பெருவாரியாகச் செல்லும் சிங்கப்பூரை உதாரணமாகக் கொள்வோம்.

சிங்கப்பூரில் கட்டிட வேலை எடுத்து நடத்தும் ஒரு கம்பெனி, தான் விரும்பிய அளவுக்கு வெளிநாட்டாரை வருவித்துக்கொள்ள இயலாது. உள்நாட்டுத் தொழிலாளர் ஒருவருக்கு இத்தனை பேர் என்று வரையறை உண்டு. கட்டிடத் தொழிலில் முன்னர் ஒருவருக்கு ஏழு பேர் என்றிருந்தது. 2024 ஜனவரி முதல் ஒருவருக்கு ஐந்து பேர் என்று குறைக்கப்பட்டது. உள்நாட்டார் பத்துப் பேரை உரிய சம்பளத்தில் வைத்திருக்கும் கம்பெனி, வேலை அனுமதிச்சீட்டின் பேரில் ஐம்பது பேருக்கு மேல் வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே, "அந்தக் கம்பெனி எத்தனை பேரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்" என்று ஒருவர் கூறினால், அவர் விதியை அறியாதவர், அல்லது அறிந்தே மறைப்பவர் எனக் கொள்ளலாம்.

வரையறைக்குள் இடமிருப்பின், கம்பெனி அந்நாட்டு மனிதவள அமைச்சுக்கு மனுச்செய்யும். தொழிலாளியின் பெயர், கடவுச்சீட்டு விவரம், வேலையின் வகை, சம்பளம் ஆகியவை அம்மனுவில் கண்டிருக்கவேண்டும். மனு அங்கீகரிக்கப்பட்டால் முன் ஒப்புதல் கடிதம் ஒன்று வெளியாகும். நம்மவர் இதனை 'ஐ.பி.ஏ.' என்று வழங்குவர். மாதச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியவை அக்கடிதத்தில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். தொழிலாளி ஊரைவிட்டுப் புறப்படுமுன் அவருடைய தாய்மொழியிலும் இக்கடிதத்தை அனுப்பவேண்டியது முதலாளியின் கடமையாகும். தமிழிலும் அது கிடைக்கும். ஆகையால் ஆங்கிலம் அறியாமையால் படிக்கவில்லை என்று எவரும் ஏமாற வேண்டுவதில்லை. கடிதம் மெய்யானதா என்பதை அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளவும் வழியுண்டு.

இவ்வுத்தரவின் பொருட்டு முதலாளி ஏற்கும் பாரம் சிறிதன்று. மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் 5,000 வெள்ளிக்கு அவர் சர்க்காரிடம் பிணை கொடுக்கவேண்டும். ஆண்டொன்றுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத வைத்திய இன்சூரன்சு எடுக்கவேண்டும். கட்டிடத் தொழிலில் நம் நாட்டவரை வைத்திருப்பதற்கு, 2024ஆம் ஆண்டு முதல், தேர்ந்த தொழிலாளிக்கு மாதம் 500 வெள்ளியும், சாதாரணத் தேர்ச்சியுள்ளவருக்கு மாதம் 900 வெள்ளியும் தீர்வை செலுத்தவேண்டும். அனுமதிச்சீட்டு இரண்டாண்டுக்குரியதாயின், 900 வெள்ளி வீதம் தீர்வை மட்டும் 21,600 வெள்ளியாகும். இவற்றில் ஒரு காசையேனும் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கலாகாது. தங்குமிடம் தருவதும், வேலை முடிந்தபின் ஊருக்குத் திருப்பியனுப்புவதும் முதலாளியின் பொறுப்பே. வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் முதலாளி கைக்கூலி வாங்கினால், 30,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டியிருக்கிறது. கட்டிட வேலைக்குச் செல்வோர் தொழில்திறன் சோதனையில் தேறவேண்டும். சோதனையில் தேறிய சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலையே வந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தகுதியைக் காட்டும் பத்திரமேயன்றி, வேலைக்குரிய உத்தரவன்று. முதலாளி ஒருவர் மனுச்செய்து முன் ஒப்புதல் பெறும்வரை அச்சான்றிதழைக்கொண்டு கப்பலேறவும் இயலாது, விமானமேறவும் இயலாது.

வளைகுடா நாடுகளிலும் கொள்கை ஒன்றே. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதலாளி தொழில் அமைச்சினிடம் வேலை உத்தரவு பெற்றே ஆளை வருவிக்கவேண்டும். அதற்கு முன்னர் வேலையின் நிபந்தனைகளைத் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் எழுதிக் கையொப்பம் பெறும் முறை 2016 முதல் அமலுக்கு வந்தது; அதற்கென வகுத்த மொழிகளுள் தமிழும் ஒன்று. ஆள் சேர்க்கும் செலவை நேராகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வசூலிக்கலாகாது என்று அந்நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் கூறுகிறது. சவூதி அரேபியாவின் தொழிற்சட்டமும், வருவிக்கும் கட்டணம், தங்கும் உத்தரவு, வேலை உத்தரவு ஆகியவற்றின் செலவை முதலாளியின் பேரிலேயே சுமத்தியிருக்கிறது.

இரண்டாம் வாயில்: இந்திய சர்க்கார்

தம் தேசத்தில் உத்தரவு பெற்ற முதலாளி, நம் நாட்டில் நேரே வந்து ஆள் திரட்டத் தொடங்கலாகாது. 1922ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் அவருக்கு இரண்டு வழிகளையே திறந்திருக்கிறது. ஒன்று, சர்க்காரிடம் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு ஏஜெண்டு வாயிலாகத் திரட்டுதல். மற்றொன்று, தாமே நேரில் திரட்டுவதற்கு உத்தரவுச்சீட்டுப் பெறுதல். அவ்வுத்தரவுச்சீட்டு ஆறு மாத காலத்துக்குச் செல்லும். வேண்டிய ஆள்கள் அதற்குள் சேர்ந்துவிட்டால் அத்துடன் முடியும்.

எவ்வழியாயினும், அனுமதி வேண்டும் நாடுகளுக்கு ஆள் திரட்டும் முதலாளி 'இ-மைக்ரேட்' என்னும் சர்க்கார் இணையத்தளத்தில் தம் கம்பெனியைப் பதிவுசெய்யவேண்டும். அந்தந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் அவருடைய பத்திரங்களைப் பரிசீலனை செய்கிறது. அதன்பின் அவர் மூன்று பத்திரங்களைத் தருகிறார்.

முதலாவது, ஆள் கோரிக்கைப் பத்திரம். எந்த வேலைக்கு எத்தனை பேர், என்ன சம்பளம் என்பது இதில் இருக்கும். இரண்டாவது, 'பவர்' என்று நாம் வழங்கும் முக்தியார் பத்திரம். தமக்காக இன்ன ஏஜெண்டு ஆள் திரட்டலாம் என்று முதலாளி அதிகாரம் கொடுப்பது இதனாலேயாகும். மூன்றாவது, ஒப்பந்த மாதிரி. வேலைக்காலம், வேலை செய்யும் இடம், சம்பளம், வேலை நேரம், மிகைநேரக் கூலி, விடுமுறை, உணவு அல்லது உணவுப்படி, தங்குமிடம், போக்குவரத்துச் செலவு, தகராறு தீர்க்கும் முறை, துர்ப்பாக்கியவசமாக மரணம் நேரின் உடலை ஊருக்கு அனுப்பும் பொறுப்பு ஆகிய யாவும் ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கவேண்டும்.

ஏஜெண்டும் சர்க்காரிடம் பாங்கி ஜாமீன் கட்டிப் பதிவுச் சான்றிதழ் பெற்றவராக இருத்தல்வேண்டும். அவர் உபஏஜெண்டுகளை அமர்த்திக்கொள்வதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆதலின், தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும் நம்மைச் சந்தித்து, "சென்னையிலுள்ள பெரிய ஏஜெண்டுக்கு நான்தான் ஆள்" என்று கூறுபவருக்கு நம்மிடம் பணம் வாங்கும் அதிகாரம் சிறிதும் கிடையாது. பதிவின்றி ஆள் திரட்டுவது இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றமாகும்.

புறப்படுவோருக்குரிய அனுமதி

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டு பொதுவாக 'ஈ.சி.ஆர்.' என்னும் வகையைச் சேர்ந்தது. இவ்வகைக் கடவுச்சீட்டுள்ளோர், சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெறவேண்டும். சென்னையிலும் இவ்வதிகாரியின் காரியாலயம் உண்டு. முதலாளி தந்த பத்திரங்களும் தொழிலாளியின் பத்திரங்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தே அனுமதி அளிக்கப்படுகிறது. சிங்கப்பூர் அந்த 18 நாடுகளுள் அடங்காது. ஆயினும் அங்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுக்குப் பதிவு அவசியமே. ஈ.சி.ஆர். கடவுச்சீட்டுடன் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் முப்பது வயது நிரம்பியவராய் இருத்தல்வேண்டும். அவர்கள் சர்க்கார் சார்பான நிறுவனங்கள் வாயிலாகவே செல்லவேண்டும். தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அத்தகையது.

இவ்வனுமதியைச் சிலர் வீண் தொந்தரவு என்று கருதி, சுற்றுலா விசாவில் சென்று அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்று ஏஜெண்டு கூறுவதை நம்புகின்றனர். அனுமதியுடன் செல்பவர் பேரில் 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்னும் இன்சூரன்சு எடுக்கப்படுகிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டாண்டுக்கு ரூ. 275, மூன்றாண்டுக்கு ரூ. 375 என்று பிரீமியம் அமைந்தது. விபத்தினால் மரணமோ நிரந்தர ஊனமோ நேரின் ரூ. 10 லட்சம் கிடைக்கும். சுற்றுலா விசாவில் மறைந்து சென்றவருக்கு இப்பாதுகாப்பில்லை; ஒப்பந்தமும் இல்லை; அவரை வேலைக்கு வைத்த முதலாளியின் பெயர் எந்த சர்க்கார் ஏட்டிலும் இராது. 2022ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் புறப்பட்ட இந்திய இளைஞர் பலர், மியான்மர் எல்லையிலுள்ள மியாவதிப் பிரதேசத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி வேலைகளில் பலவந்தமாக ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் தமிழ்நாட்டினரும் இருந்தனர். படித்தவர்களுக்கும் இவ்வாபத்து நேரக்கூடும் என்பதை இது காட்டும்.

கணக்குப் பார்த்தல்

பதிவுபெற்ற ஏஜெண்டு தொழிலாளியிடம் வசூலிக்கக்கூடிய ஊழியக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. அது ரூ. 30,000, இதன்மேல் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வரி ரூ. 5,400 சேர்ந்தால் ரூ. 35,400 ஆகும். இதற்கு ரசீது கொடுக்கவேண்டும்.

ஒருவர் இதற்குப் பதிலாக ரூ. 1,50,000 கொடுக்கிறார் என்றும், அத்தொகையை மூன்று வட்டிக்கு வெளியில் வாங்குகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். மாதவட்டி ரூ. 4,500, ஆண்டுக்கு ரூ. 54,000. அதாவது, ஓராண்டு வட்டியே, சட்டப்படி கொடுக்கவேண்டிய முழுக் கட்டணத்தையும்விட அதிகமாகிறது. அசலோ அப்படியே நிற்கும். அந்நிலையில், சம்பளத்தைக் குறைத்தாலும், வேலையை மாற்றினாலும், தங்குமிடம் தகாததாய் இருந்தாலும், தொழிலாளி வாய் திறக்க அஞ்சுகிறார். ஊரில் கடன் இருக்கிறதே என்ற கவலை அவருடைய நாவைக் கட்டிவிடுகிறது. துண்டுச் சீட்டு ஒழிந்து நூறாண்டு கடந்தும், அதன் வேலையை இக்கடன் செய்கிறது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இவ்விஷயத்தில் ஐக்கிய சங்கங்களுக்குப் பெரும் பங்குண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்கான பணம் பெரும்பாலும் நகைக்கடனாகவோ, அங்கத்தினரின் ஜாமீனின் பேரிலோ திரட்டப்படுகிறது. பிரயாணம் பொய்த்தால், நஷ்டம் ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. ஜாமீன் நின்றவரையும் அது பற்றும். ஆதலின், நகை அடகுக்குப் போகுமுன் அங்கத்தினர் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறியவேண்டும்.

1. முதலாளியின் பெயரும் விலாசமும் என்ன? பெயர் சொல்லாத முதலாளிக்கு உத்தரவு இராது.

2. ஏஜெண்டின் பதிவு எண் என்ன? அது இன்னும் செல்லுபடியாகிறதா? இ-மைக்ரேட் தளத்தில் இதனைப் பார்க்கலாம். சங்கக் காரியதரிசியோ, ஊரில் படித்த இளைஞரோ சில நிமிஷங்களில் பார்த்துச் சொல்லக்கூடும்.

3. கோரிக்கைப் பத்திரமும், முக்தியார் பத்திரமும், ஒப்பந்தமும் உண்டா? அவற்றில் கண்ட வேலையும் சம்பளமும் வாயால் சொன்னவற்றுடன் ஒத்திருக்கின்றனவா? சிங்கப்பூராயின் தமிழிலுள்ள முன் ஒப்புதல் கடிதம் எங்கே?

4. விசா எவ்வகையைச் சேர்ந்தது? வேலை விசாவா, சுற்றுலா விசாவா?

5. பணத்துக்கு ரசீது உண்டா? பணம் ஏஜெண்டின் பாங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறதா, அல்லது தனிமனிதர் கையில் ரொக்கமாகக் கேட்கப்படுகிறதா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் தெளிவான விடை கிடைக்கவில்லையாயின், பணம் கொடுப்பதை நிறுத்திவைப்பதே விவேகம். "இன்றைக்கே கொடுக்காவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்துவோரிடம் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். முதலாளி மனுச்செய்து தொழிலாளியின் பெயரிலேயே பெற்ற உத்தரவு ஒரே இரவில் வேறொருவருக்கு மாறிவிடாது.

ஒப்பந்தத்தைச் சங்கக் கட்டிடத்தில் உரக்கப் படித்துக் காட்டுவது நல்ல வழக்கமாகும். செல்பவர் மட்டுமன்றி அவருடைய மனைவியும் பெற்றோரும் அதனைக் கேட்கவேண்டும். ஏனெனில் கடனைச் சுமக்கப்போகிறவர்கள் அவர்களே. கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், இன்சூரன்சுப் பத்திரம், ரசீது ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையிலிட்டு வீட்டில் வைத்திருத்தல் அவசியம். பிற்காலத்தில் தூதரகத்துக்கோ பாதுகாவலருக்கோ முறையிட நேர்ந்தால், அவ்வுறையிலுள்ள காகிதமே சாட்சி சொல்லும். மோசம் நடந்திருப்பின் போலீஸில் புகார் எழுதிக்கொடுப்பதுடன், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலருக்கும் தெரிவிக்கவேண்டும். வெட்கத்தினால் மறைப்பது, அடுத்த வீட்டாரும் அதே மனிதனிடம் ஏமாறுவதற்கு வழி செய்வதாகும்.

கடல் கடந்து பொருள் தேடுதல் நம்மவர்க்குப் பழக்கமான தொழில். அதனைத் தடுப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. கூரை வீடுகள் ஓட்டு வீடுகளானதும், பிள்ளைகள் படித்ததும், தங்கைகளின் கல்யாணம் நடந்ததும் அப்பொருளினால்தான் என்று சொல்லக்கூடிய ஊர்கள் பல உண்டு. செல்பவர் தம் உழைப்பை மட்டுமே முதலாளிக்குக் கொடுக்கவேண்டும். தம் காணியையும் சேர்த்துக் கொடுக்கவேண்டுவதில்லை. நகைப்பெட்டியைத் திறக்குமுன், முதலாளியின் உத்தரவைக் காட்டும்படி கேட்பது ஒவ்வோர் அங்கத்தினரின் உரிமையுமாகும், கடமையுமாகும்.